சேறான வெடிமருந்து

அமெரிக்கா குடியரசாகிய புதிதில், எல்லைக் கோட்டை ஒன்றுக்கு வெடிமருந்துப் பீப்பாய்களை ஏற்றிவந்தான் வண்டிக்காரன் ஏபெல். அவனுடைய குதிரைகள்மேல் கண்வைத்த கோட்டைத் தளபதி, புகையும் சுருட்டோடு எட்ட நின்றே முழங்கினார்:

"மருந்தெல்லாம் மழையில் நனைந்து சேறாகிவிட்டதடா! அபராதமாகக் குதிரைகளை விட்டுவிட்டுப் போ!"

குதிரைகள் போனால் ஏபெலின் குடும்பமே பட்டினி. ஆண்டவனை நெஞ்சில் நிறுத்தி, சிறிய பீப்பாய் ஒன்றின் மூடியைத் திறந்தான். அதைச் சுமந்துகொண்டு தளபதியை நெருங்கினான்.

"உத்தரவு, துரையே. சேறுதானே? தங்கள் சுருட்டை இதிலேயே அணைத்தருளுங்கள், குதிரைகளை அவிழ்த்துவிடுகிறேன்."

"கிட்டே வராதே, பாவி! அத்தனைபேரும் சாம்பலாவோம்!" என்று அலறிய தளபதி, சுருட்டோடு தண்ணீர்த் தொட்டிக்குள் பாய்ந்தார்.

"சேற்றுக்கா துரையே இவ்வளவு அச்சம்?"

வீரர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஏபெல் குதிரைகளோடு வீடு திரும்பினான். தளபதி சொட்டச் சொட்ட நின்றார்.