தூக்கணாங்குருவியின் பாதிக் கூடு

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதோடு பள்ளிக்கூடத்துக்கும் போயின. ஏரிக்கரைப் பனையடியில் கொக்கு வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றபடி பாடம் நடத்துவார். ஒரு கோடையில் எல்லோருக்கும் ஒரே வீட்டுப்பாடம் கொடுத்தார்: ஆளுக்கொரு கூடு.

“முதல் தூறலின்போது வந்து பார்ப்பேன். முடிக்காத இனத்துக்கு இனிமேல் சொந்தக் கூடே கிடையாது. அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டுப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.”

புறா அன்று மாலையே முடித்துவிட்டது. நாலு குச்சி, அதன்மேல் இன்னும் நாலு குச்சி. “முடிச்சாச்சு!” காகம் கொஞ்ச நாள் கழித்து முடித்தது. குயில், பாட்டுப் பயிற்சி இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டு வகுப்புக்கே வரவில்லை. மிச்சம் இருந்தவன் தூக்கணாங்குருவி. தலை மஞ்சளாக இருந்ததால் அவனை மஞ்சத்தலையன் என்பார்கள்.

மஞ்சத்தலையன் என்ன செய்தான்? ஓலையில் உட்கார்ந்து ஊஞ்சலாடினான். வயலுக்குப் போய்க் கதிர் தின்றான். எப்போதாவது ஒரு நார் கிழித்து வந்து முடிச்சுப் போடுவான், அவிழ்ப்பான், வேறு மாதிரி போட்டுப் பார்ப்பான், மறுபடி அவிழ்ப்பான். எப்போது முடிப்பாய் என்று கேட்டால் “நாளைக்கு” என்பான். சோம்பேறி என்று ஊரே சொன்னது. முதலில் சொன்னது யார் தெரியுமா? புறா. குச்சியை எறிந்துவிட்டுக் கோடை முழுக்கத் தூங்கிய அதே புறா!

மேற்கே மேகம் கறுத்த அன்று அவனுடைய துணை தவிட்டழகி வந்து பார்த்தாள். ஓலை நுனியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒன்று தொங்கியது. உட்காரக் குறுக்கே ஒரு பட்டை. அறை இல்லை, வாசல் இல்லை.

“என்னடா இது, பாதிதான் இருக்கு?”

“முடிச்சுட்டா அவ்வளவுதானே. தப்பா இருந்தா தப்புதான். பாதியில நிக்கிற வரைக்கும் நல்லா வரும்னு நம்பலாம்.”

“நம்பிக்கை மேல முட்டை வைக்க முடியுமாடா?”

அதற்குள் வாத்தியார் வந்துவிட்டார். பின்னாலேயே வகுப்பு மொத்தமும். மேலே பார்த்தார், அலகைச் சுளித்தார்.

“பாதிக் கூடு கூடாகாது. தூக்கணாங்குருவி இனத்துக்கு இனிமேல்...”

“ஒரு நிமிஷம் ஐயா,” என்றாள் தவிட்டழகி. “முடிச்சாச்சான்னு பார்க்கிறீங்க. நிக்குமான்னு யார் பார்த்தாங்க?”

“தூறல் விழப்போகிறது, பெண்ணே.”

“இன்னும் விழலையே!”

சொன்ன வேகத்தில் பறந்துபோய்ப் புறாவின் கூட்டிலிருந்து ஒரே ஒரு குச்சியை இழுத்தாள். மொத்தமும் சரிந்து கீழே கொட்டியது.

“ஐயோ, நான்தானே முதல்ல முடிச்சேன்!” என்று அலறியது புறா.

பிறகு திரும்பி வந்து மஞ்சத்தலையனின் குறுக்குப் பட்டையில் உட்கார்ந்தாள். சிறகை மடக்கி, தன் எடை முழுவதையும் போட்டு ஆடினாள். தலைகீழாகத் தொங்கி ஒவ்வொரு நாராகப் பிடித்து இழுத்தாள். காற்றும் சேர்ந்துகொண்டது. பனை வளைந்தது, ஓலைகள் அடித்துக்கொண்டன. கூட்டில் ஒரு நார்கூட அசையவில்லை. அவிழ்த்து அவிழ்த்துப் போட்ட முடிச்சுகள் அல்லவா!

மஞ்சத்தலையன் பக்கத்து ஓலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்லா இருக்குடா,” என்றாள் தவிட்டழகி. “மீதியைக் கட்டு.”

அதற்கப்புறம் அவன் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும்! நார் கிழிக்கிறான், பறக்கிறான், கோக்கிறான், பின்னுகிறான். கோடை முழுக்க ஊஞ்சலாடிக்கொண்டே மனசுக்குள் கட்டிவைத்திருந்த அறை வெளியே வந்தது. முட்டை உருளாமலிருக்க மேடு வந்தது. பாம்பு நுழைய முடியாதபடி கீழ்நோக்கிய நீளக் குழல் வாசல் வந்தது. வாத்தியாரின் அலகு நுனியில் முதல் துளி விழுந்தபோது, கடைசி நாரைச் செருகிவிட்டு ஒதுங்கித் தவிட்டழகிக்கு வழிவிட்டான்.

வாத்தியார் கழுத்தைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். அவரால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: “நேரத்துக்குள்தான்.”

புறா இன்றைக்கும் நம் ஜன்னல் மேல் நாலு குச்சியைப் போட்டுவிட்டு முடிச்சாச்சு என்கிறது. இருக்கட்டும். ஆனால் ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திவிட்டுக் காத்திருப்பதும், பெண் வந்து ஆடிப் பார்த்துச் சரியென்றால் மட்டுமே மீதியைக் கட்டுவதும் அன்று முதல்தான். ஆகவே பனையோலையில் பாதிக் கூடு தொங்கினால் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். அவள் இன்னும் வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.