வாசல்வரை முளைத்த ராகி

மடத்துக்குப் பூக் கொண்டுவரும் பாவாயி அன்று உள்ளே வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள்.

குரு எழுந்து வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் இருபது வருடமாக அவர்தான் அவளுக்குக் குரு.

“ஏம்மா, அங்கேயே நின்னுட்டீங்க?”

“என் பின்னால யாராச்சும் வர்றாங்களான்னு பாத்துச் சொல்லுங்க சாமி. நான் திரும்பிப் பாக்க மாட்டேன்.”

குரு பார்த்தார். வெயிலும் வேலியின் நிழலும்தான் இருந்தன.

“யாரும் இல்லைங்க.”

அப்போதும் அவள் படியேறவில்லை.

அவள் மகன் சென்னியப்பன் கிணறு வெட்டப் போன இடத்தில் பாறை சரிந்து இறந்துபோய் இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அகாலமாய்ப் போனவரை எரித்துவிட்டு வரும் ஆண்கள், சுடுகாட்டிலிருந்து வீட்டு வாசல்வரை கடுகு இறைத்துக்கொண்டே வருவார்கள். போன உயிர் வீடு திரும்பப் பார்த்தால், அதைப் பொறுக்கிக்கொண்டு வழியிலேயே நின்றுவிடுமாம். கடுகை வறுத்துத்தான் கொடுக்க வேண்டும். முளைத்தால் அந்த உயிர் வீடு வரத் தடம் திறந்துவிடும் என்பார்கள்.

அன்று பாவாயி துணியில் முடிந்து கொடுத்தது கடுகு அல்ல. வறுக்காத ராகி. பொழுது சாய்கிற நேரம், இறைத்தவர்களுக்கும் தெரியவில்லை.

போன வாரம் மழை பெய்தது.

“முளைச்சுருச்சுங்க சாமி. மொதல்ல சுடுகாட்டுப் பக்கம். அப்புறம் ஓடைக்கரை. கோடு போட்டாப்பல வருதுங்க. இன்னைக்குக் காலைல எங்க வாசப்படிக்கு அடியில நாலு முளை.”

“ம்.”

“வெளக்கு வெக்கிற நேரத்துக்குச் செருப்புக் கழட்டுற சத்தம் வேற. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு உதறி விடுவானே, அதே சத்தம். நான் அடுப்படிய விட்டு வர்றதே இல்லைங்க. முருகா முருகான்னு கண்ண மூடிக்குவேன்.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“நாளைக்குக் கொழுந்தனார் பூசாரியக் கூட்டிட்டு வர்றார். முளையெல்லாம் புடுங்கிட்டு நிலைப்படியில ஆணி அடிச்சுட்டா, அப்புறம் அவன் வரவே மாட்டானாம்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பேச்சு வேற. கடுகு எது ராகி எதுன்னு தெரியாமத்தான் நாப்பது வருசமாத் தாளிச்சீங்களா அண்ணின்னு கேக்குறார்.”

“நியாயமான கேள்விதானே?”

பாவாயி கொண்டுவந்த பூவைப் படியில் இறக்கி வைத்தாள்.

“டப்பாவுல கைய விட்டப்பவே தெரிஞ்சதுங்க சாமி. கடுகு விரல்ல வழுக்கும். ராகி வழுக்காது.”

குரு படியிறங்கினார். “வாங்க, பாத்துட்டு வருவோம்.”

ஓடைக்கரையிலிருந்து அவள் வீடு நோக்கி நடந்தார்கள். விரல் உயரத்தில் முளைகள் தடத்தின் ஓரமாகவே வந்தன. பாவாயி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு முணுமுணுக்க, பயந்து பயந்து காலெடுத்து வைத்தாள். ஒரு திருப்பத்தில் குரு ஓரமாக ஒதுங்கினார்.

“அய்யோ, பாத்துங்க சாமி! மிதிச்சுறாதீங்க!”

குரு காலை எடுத்துக்கொண்டார்.

வாசலுக்கு வந்தார்கள். படிக்கு அடியில் நாலு முளை இருந்தது. செருப்பு எதுவும் இல்லை.

“அவன் வந்தா என்ன கேப்பான்?”

“வேறென்ன கேப்பான். களி கிண்டியாச்சாம்மான்னு கேப்பான்.”

“அதுக்கா பயம்?”

“இல்லைங்க.” அவள் குரல் இறங்கியது. “சத்தம் கேட்டு நான் ஓடிவந்து பாக்குறப்ப, இங்க யாருமே இல்லாமப் போயிட்டா?”

தெருக்கோடியில் யாரோ ஆடுகளை அதட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்துக்கும் அவளுக்குத் தூக்கிப்போட்டது.

“நாளைக்குப் பூசாரி வந்துருவாருங்க சாமி. புடுங்கச் சொல்லட்டுங்களா?”

குரு குனிந்தார். சாய்ந்திருந்த ஒரு முளையின் அடியில் விரலால் மண்ணை அணைத்தார்.

“கதிர் அறுக்க இன்னும் மூணு மாசத்துக்கு மேல ஆகும்மா. அதுவரைக்கும் ஆடு வாய் வைக்காமப் பாத்துக்குங்க.”