புளியந்தோப்பிலிருந்து வந்த இரண்டு பானைகள்

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நெடுங்குளத்து ஏரியைச் சுற்றி ஐந்து தோப்புகள் இருந்தன. ஐந்துக்கும் சேர்த்து ஒரே அரசன். மூன்று மழைக்காலத்துக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். ஒவ்வொரு தோப்பிலும் ஒரு மண்பானை வைப்பார்கள். போட்டியிடுகிறவருக்கு ஆளுக்கோர் இலை அடையாளம். வேண்டியவருடைய இலையைப் பறித்து வந்து பானையில் போட வேண்டும். எல்லோரும் போட்ட பிறகு, தோப்புத் தலைவர் பானையின் வாயை ஈரக் களிமண்ணால் மூடி அதன்மேல் தன் காலை அழுத்திப் பதிப்பார். அதுதான் முத்திரை.

ஐந்து பானைகளையும் ஏரிக்கரைச் சபையில் திறப்பது துணையரசரான செம்போத்தின் வேலை. கரிய உடம்பு, செம்பட்டு போர்த்திய மாதிரி இறக்கை, நீண்ட வால் என்று பார்வைக்கு அது அரசனைவிட அரசனாகத்தான் இருக்கும். ஆனால் சபையில் அதற்கிருந்த வேலை கொஞ்சம்தான். முத்திரையை உடைக்க வேண்டும், இலையை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும், இலைக்கு ஒருமுறை “ஊப்” என்று குரல் கொடுக்க வேண்டும். கழுகு போட்ட இலையானாலும் சிட்டு போட்ட இலையானாலும் அதே “ஊப்”தான். யாருக்கு எத்தனை என்று சபை எண்ணிக்கொள்ளும்.

அந்த முறை பழைய அரசரான கருடன், “எனக்குப் போதுமப்பா” என்று மலைப்பக்கம் போய்விட்டார். அடுத்தது நாம்தான் என்று செம்போத்து கொன்றை இலையை அடையாளமாக வாங்கிக்கொண்டது. எதிர்த்து நிற்க வந்தது யார் தெரியுமா? கரிச்சான்! செம்போத்தின் ஒற்றை இறக்கைக்குள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு ஒரு கறுப்புக் குருவி. அது வேப்பிலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நின்றது.

கரிச்சானுக்குத் தன் உடம்பு எவ்வளவு என்ற நினைப்பே கிடையாது. பருந்து வந்தால் பாய்ந்து போய் முதுகில் கொத்தி விரட்டும். அதனால் மணிப்புறாவும் மாங்குயிலும் அதன் மரத்திலேயே கூடு கட்டின. “கரிச்சாண்ணே, குஞ்சுங்களக் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இரை தேடப் போயின. செம்போத்திடம் யாரும் குஞ்சை விட்டுப் போனதில்லை. அது போய்வந்த பக்கம் முட்டை காணாமல் போகும் என்று ஒரு பேச்சு உண்டு, அதை விடுங்கள்.

இதையெல்லாம் செம்போத்து புதருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. வயிறெரிந்தது. நாவற்பழம் மாதிரி கறுத்திருந்த கண்கள், பார்த்துப் பார்த்தே சிவந்து போயின.

“அங்க என்னத்தப் பாத்துக்கிட்டே இருக்கீங்க? கண்ணு ரத்தமாக் கெடக்கு” என்றது அதன் மனைவி.

“அவங்கிட்ட என்னடி இருக்கு? ஒரு பிடி உடம்பு, ரெண்டாப் பொளந்த வாலு!”

“என்னவோ இருந்துட்டுப் போவுது. நீங்க பானையத் தொறக்கறவரு. தொறந்து காட்டிட்டு வீட்டுக்கு வாங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் எனக்கு ஒண்ணுதான்.”

“எனக்கு ஒண்ணு இல்லடி” என்றது செம்போத்து.

எண்ணும் நாள் வந்தது. மாந்தோப்பு, பனந்தோப்பு, நாவல்தோப்பு, மூங்கில்தோப்பு ஆகிய நான்கின் பானைகளையும் திறந்தாயிற்று. வேப்பிலை வந்தபோதெல்லாம் செம்போத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் குரல் கொடுத்தது. நான்கும் முடிந்தபோது கொன்றையும் வேம்பும் சரிக்குச் சரி. இனி புளியந்தோப்பு சொல்வதுதான் முடிவு.

பார்த்தால் புளியந்தோப்பின் இடத்தில் இரண்டு பானைகள் இருந்தன! இரண்டின் முத்திரையிலும் முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். புளியந்தோப்புத் தலைவரான மரங்கொத்தியின் கால் அப்படித்தான் இருக்கும்.

“நான் உருட்டிட்டு வந்தது ஒரு பானைதானே!” என்று பதறியது மரங்கொத்தி. “இதோ, இதான் எங்களுது. நான் மிதிச்ச மண்ணு எனக்குத் தெரியாதா?”

“சத்தம் போடாத. தொறக்கறவன் நான். எதத் தொறக்கணும்னும் நாந்தான் சொல்லுவேன்” என்றது செம்போத்து.

கரிச்சான் முன்னால் வந்தது. “அண்ணே, தொறந்து காட்டத்தான் உங்கள ஒக்கார வச்சிருக்கு. எது தங்களோட பானைன்னு புளியந்தோப்புக்காரங்க சொல்லட்டும், சபை கேட்டு முடிவு பண்ணட்டும். உங்களுக்கும் அந்த வேல கெடையாது, எனக்கும் கெடையாது.”

அது அண்ணே என்று மரியாதையாகச் சொன்னதுதான் செம்போத்துக்கு இன்னும் எரிந்தது. சபை முழுக்கக் கரிச்சானையே பார்த்துக்கொண்டிருந்தது. செம்போத்து திரும்பித் தன் மனைவியைப் பார்த்தது. அவளும் கரிச்சானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். செம்போத்து மரங்கொத்தியின் பானையை ஓங்கி உதைத்தது. பானை கரையில் உருண்டு, கல்லில் மோதி உடைந்தது. இலைகள் ஏரித் தண்ணீரில் பரவி மிதந்தன. பெரும்பாலும் வேப்பிலை, நடுநடுவே ஒன்றிரண்டு கொன்றை.

“இப்ப ஒரே பானைதான் இருக்கு. தொறக்கலாமா?” என்று மற்றதன்மேல் ஏறி நின்றது செம்போத்து.

செம்போத்தின் மனைவி மெல்ல நடந்து வந்து, குனிந்து அந்த முத்திரையைப் பார்த்தாள். விரல்கள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டுதான். ஆனால் பின்விரல் ஒன்றின் நுனியில் ஊசி மாதிரி நீளமாக ஒரு நகக்கோடு விழுந்திருந்தது.

“இது மரங்கொத்தி காலு இல்லீங்க” என்றாள். “இந்தத் தடம் எங்க வாசல் ஈரத்துல தெனம் விழுது.”

“உன் காலை அதுல வச்சுக் காட்டு” என்றது சபை. செம்போத்து காலை எடுத்து இறகுக்குள் மறைத்துக்கொண்டது.

முக்குளிப்பான்கள் நீரில் இறங்கி ஓர் இலை விடாமல் பொறுக்கி வந்தன. இலைக்கு ஒரு குரல் மரங்கொத்தி கொடுத்தது. கரிச்சான் அரசனானது.

செம்போத்தை ஊரைவிட்டு விரட்டச் சொன்னார்கள். “வேண்டாம்” என்றது கரிச்சான். “அண்ணே, நீங்க எண்ணாம ஒதச்ச இலைங்க இதுதான். புதருக்கு எடுத்துட்டுப் போயி எண்ணுங்க. இலைக்கு ஒரு கொரல். சரியா எண்ணி முடிச்ச அன்னிக்கு வந்து பழைய எடத்துல ஒக்காருங்க.”

செம்போத்து எண்ண உட்கார்ந்தது. முதலில் நிதானமாக எண்ணும். முடியப் போகிறது என்றதும் அவசரம் வந்துவிடும். கடைசி நாலைந்து இலை இருக்கும்போது தலையைத் தூக்கும். எதிரே மொட்டைக் கிளையின் உச்சியில் கரிச்சான். சுற்றிலும் பயமில்லாமல் புறாக் குஞ்சுகள். வயிறு எரியும், கணக்கு மறந்து போகும். மறுபடி முதலிலிருந்து. கோபித்துக்கொண்டு அடுத்த புதருக்குக் குடிபோன மனைவி, பொறுக்க முடியாமல் அங்கிருந்தே எண்ணிக் காட்டுவாள். அதுவும் அதன் காதில் ஏறாது.

அன்று முதல்தான் செம்போத்தின் கண் சிவந்தே இருக்கிறது. அன்று முதல்தான் ஒரு புதரிலிருந்து “ஊப், ஊப், ஊப்” என்று கேட்டால், அடுத்த புதரிலிருந்தும் “ஊப், ஊப்” என்று கேட்கிறது. தலையைத் தூக்காமல் ஒரே ஒருமுறை எண்ணியிருந்தால், அது என்றைக்கோ சபையில் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும்.