பானட்டில் ஐந்து கீறல்

தூத்துக்குடி புறவழிச் சாலையில் ஒரு கார் பாலிஷ் பட்டறை. அங்கே வேலை பார்க்கும் சகாயமேரியிடம் ஒரு மத்தியானம் குவாரி முதலாளி தனசிங் தன் கறுப்புக் காரைக் கொண்டுவந்தார். பானட்டில் ஐந்து கீறல்கள், யாரோ நகத்தால் இழுத்ததுபோல.

"இது இப்பவே மறையணும். இல்லேன்னா நாளைக்கு இந்தப் பட்டறையே இருக்காது."

சகாயமேரி மெஷினை வைத்துத் தேய்த்தாள். கீறல்கள் மறைந்தன. மெழுகு பூசித் துடைத்தாள். துணியை எடுத்ததும் அதே ஐந்து கீறல்கள். மறுபடி தேய்த்தாள், மறுபடி வந்தன.

பைக்கைக் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஏட்டையாகூட எழுந்து வந்து பார்த்தார். தனசிங் மட்டும் பானட் பக்கம் திரும்பவே இல்லை. சகாயமேரி அதைக் கவனித்தாள்.

"என்னடி முழிக்கே?" என்று தனசிங் கத்தினார்.

"நான் தேய்ச்சா போகாது முதலாளி. கீறின ஆளைக் கூட்டிட்டு வாங்க. அந்தக் கை ஒரு தடவை தடவினா போயிரும்."

"செத்தவளை எங்கேருந்துடி கூட்டிட்டு வர?"

பட்டறையில் மெஷின்களெல்லாம் நின்றுபோயின.

"பொம்பளைன்னும் நான் சொல்லல, செத்துட்டான்னும் சொல்லல முதலாளி," என்றாள் சகாயமேரி மெதுவாக.

ஏட்டையா காருக்கு முன்னால் வந்து நின்றார். "யாருங்க அவ?"

தனசிங் வாயைத் திறப்பதற்குள், ஆளில்லாத காரின் ஹாரன் நீளமாக அலறியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார்.