முள்ளில் நம் பாதி எது?

எல்லையோர மின் கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பு செங்கமலம். அவரிடம் தொழில் கற்க வந்தவர் மாசிலாமணி. நிலக்கரி உலையில் இருபது வருடம் வெந்தவர், செங்கமலத்தைவிட இரண்டு வயது மூத்தவர். கேள்விகளுக்கும் குறைவில்லாதவர்.

மார்கழியில் காற்று படுத்துவிட்டால், எல்லைக்கு அப்பால் உள்ள மலைநாட்டின் அணைகள் மின்சாரம் தந்து இந்தப் பக்கத்தைத் தாங்கும். அணைகள் வறண்ட காலத்தில் இங்குள்ள காற்றாலைகள் அவர்களைத் தாங்கும். இது ஆடி மாதம். அம்மியே பறக்கும் காற்று. மலைநாட்டில் மழை பொய்த்திருந்தது.

பிற்பகலில் தலைநகரிலிருந்து தொலைபேசி வந்தது. மேலதிகாரி ஒருவரின் குரல் ஒலிபெருக்கியில் அறை முழுதும் கேட்டது.

"மலைநாட்டுக்காரன் நம்ம கொடியை எரிச்சிட்டான். லைனைத் துண்டிங்க. இருட்டுல கிடக்கட்டும்."

மாசிலாமணியின் கை சுவிட்சுக்குப் போனது. செங்கமலம் அந்தக் கையின்மேல் பதிவேட்டை வைத்தார்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்த உத்தரவை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். உத்தரவிட்டவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்குமுன் யாரும் எதையும் தொடக் கூடாது.

"திருப்பிச் சொல்றேன்," என்றார் செங்கமலம். "மலைநாட்டு ஆஸ்பத்திரி, குடிதண்ணி மோட்டார், வீட்டு விளக்கு, எல்லாத்தையும் அணைக்கணும். சரிதானே? உங்க பெயர்?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"இந்த சுவிட்சுக்கு வேற எதுவும் தெரியாது. பெயர்?"

"உங்க வேலை போயிடும்."

"அதையும் எழுதிக்கறேன். பெயர் சொல்லுங்க."

தொலைபேசி மட்டும் துண்டிக்கப்பட்டது.

மாசிலாமணிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "கொடியை எரிச்சவனுக்காக வேலையை விடுவீங்களா மேடம்? நம்ம மின்சாரம், நம்ம இஷ்டம்."

சுவரில் ஒரு மீட்டர் இருந்தது. இரண்டு நாட்டு இயந்திரங்களும் ஒரே கதியில் சுழல்வதைக் காட்டும் மீட்டர். அதன் முள், இருக்க வேண்டிய ஐம்பதில் லேசாக நடுங்கியது.

"அந்த முள்ளுல நம்ம பாதி எதுன்னு காட்டுங்க சார். அதை மட்டும் காப்பாத்தறேன்."

மாசிலாமணி முள்ளை நோக்கி விரலை நீட்டினார். காட்ட முடியவில்லை.

தொலைபேசி மறுபடி அடித்தது. செங்கமலம் அதை எடுக்காமல் பதிவேட்டில் எழுதினார்: துண்டிக்க மறுத்தவர், செங்கமலம்.

"உத்தரவு போட்டவர் பெயர் காலியா இருக்கே," என்றார் மாசிலாமணி.

"எழுதக் குடுக்க அவருக்குப் பயம்." செங்கமலம் தன் பெயருக்குக் கீழிருந்த வரியைக் காட்டி, பேனாவை அவரிடம் நீட்டினார். "உங்களுக்கு?"