மிளகு ரசத்துக்குத் தக்காளி உண்டா?

குற்றாலிங்கம் மடத்து வாசலில் செருப்பை உதறிய வேகத்தில், ஒன்று படியில் கிடந்தது. மற்றது செம்பருத்திச் செடிக்கடியில் போய் விழுந்தது. அவருக்கு அறுபத்து மூன்று வயது. நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகிறது. கோபம் மட்டும் இன்னும் பணியில் இருந்தது.

உள்ளே பிரமநாயகி அம்மா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குற்றாலிங்கத்தைவிடப் பத்தொன்பது வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு.

"நீங்கதான் ஒரு தீர்ப்பு சொல்லணும்மா. மிளகு ரசத்துக்குத் தக்காளி உண்டா, இல்லையா?"

யாராவது கேள்வி கேட்டால் அம்மா இருந்த இடத்திலிருந்து பதில் சொல்வதில்லை. எழுந்துபோய்க் கேட்டவர் பக்கத்தில் உட்காருவார். கொஞ்ச நேரம் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் பேச்சு. பதினான்கு வருஷமாகக் குற்றாலிங்கம் இதைப் பார்த்து வருகிறார். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அம்மாவுக்குக் கால் மரத்துப்போகும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தார்.

இன்று அம்மா எழவில்லை.

"இது உங்க கேள்வியா அண்ணாச்சி?"

"நான் எதுக்கும்மா கேக்கேன்? நெல்லைநாயகம் கேட்டான். நேத்து காலையில, குரூப்புல."

பௌர்ணமிதோறும் மடத்தில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு. அதற்கான வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தோரு பேர். தலைமைச் சமையல் நெல்லைநாயகம். ரச அண்டாவை அடுப்பிலிருந்து இறக்குவது அவரும் குற்றாலிங்கமும்தான். ஆளுக்கு ஒரு காது. இருவரும் ஒரே மூச்சில் தூக்கி, ஒன்றாக அடி வைத்து நடப்பார்கள். வேறு எவர் கை வைத்தாலும் ரசம் தளும்பும்.

அந்த நெல்லைநாயகம்தான் கேட்டிருந்தார்: 'மிளகு ரசத்துக்குத் தக்காளி போடணுமா? யாராவது சொல்லுங்க.'

நடந்ததைக் குற்றாலிங்கம் மூச்சு வாங்கச் சொன்னார். பத்து மணிக்குள் தக்காளிக் கட்சி, புளிக் கட்சி என்று குழு இரண்டாகிவிட்டது. வைத்தியம் படிக்காத மூன்று பேர் பித்தம், கபம் பற்றி விளக்கினார்கள். ஒருவர் தம் மாமியாரைச் சாட்சிக்கு இழுத்தார். இன்னொருவர் அந்த மாமியாரின் ஊரையே இழுத்தார். தக்காளி கப்பலில் வந்த கதையைக் குற்றாலிங்கம் ஏழு பத்தியில் எழுதினார், ஒருவரும் படிக்கவில்லை. கோபத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். சாயங்காலத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகள்.

"தெரியாமத்தான் கேட்டேன்னு நடுவுல ஒரு வரி போடுதான்மா. முப்பது வருஷமாக் கரண்டி பிடிக்கிறவன். எங்களையெல்லாம் ஆழம் பார்க்கானாம். எனக்கு ஆத்திரம் வந்துட்டு."

"என்ன எழுதினீங்க?"

குற்றாலிங்கம் கைப்பேசியைத் திறந்து வாசித்தார். தம் எழுத்தைத் தாமே வாசிக்கையில் குரல் கொஞ்சம் இறங்கியது. "'போன மாசம் சாம்பார்ல ரெண்டு தடவ உப்பு போட்ட மகராசனுக்கு ரச ஆராய்ச்சி ஒரு கேடா?'"

அதற்குப் பதினெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். அதன்பின் நெல்லைநாயகம் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். போனையும் எடுக்கவில்லை.

"நாளைக்குப் பௌர்ணமிம்மா. அண்டாவோட இன்னொரு காதை யார் பிடிப்பா? உண்டு, இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா குரூப்புல போட்டுடுவேன். எல்லாப் பயலும் வாயை மூடுவான். அவனும் வந்துதான ஆகணும்."

அம்மா ஒரு பழுத்த இலையைப் பொறுக்கி எறிந்தார்.

"நெல்லைநாயகம் அண்ணாச்சிக்கு மிளகு ரசம் வைக்கத் தெரியாதா?"

"அவனுக்கா? எனக்கே அவன்தானம்மா சொல்லிக்கொடுத்தான்."

"அப்போ ஏன் கேட்டார்?"

ஆழம் பார்க்கத்தான் என்று சொல்லக் குற்றாலிங்கம் வாயெடுத்தார். அதற்குள் உப்பு ஞாபகம் வந்தது. போன வாரம் இதே மடத்தில், அரிசி பருப்பு வைக்கும் உக்கிராணம் எந்தக் கதவு என்று நெல்லைநாயகம் கேட்டது ஞாபகம் வந்தது. அதற்கும் இவர்தான் முதலில் சிரித்தார். கிளம்பும்போது நெல்லைநாயகம் இவரைச் செத்துப்போன தம் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சரியாகக் காதில் விழவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டார்.

கையில் கைப்பேசி அதிர்ந்தது. முந்நூற்றுப் பதின்மூன்று. அவர் பார்க்கவில்லை.

அம்மா முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். பக்கத்தில் வந்து உட்காரப்போகிறார் என்று குற்றாலிங்கம் நகர்ந்து இடம் விட்டார். அம்மா அவரைத் தாண்டி வாசலுக்குப் போனார். செம்பருத்திக்கடியில் கிடந்த செருப்பைக் குனிந்து எடுத்து, படியில் கிடந்ததன் பக்கத்தில் ஜோடியாக வைத்தார்.

"போட்டுக்கோங்க அண்ணாச்சி. கேட்டவர் வீட்டுக்கு வழி உங்களுக்குத்தானே தெரியும்."