பலாப்பழம் விழுந்த வழக்கு

இந்தக் கதையை நேரில் கண்டவர் யாரும் இல்லை. நீதிமன்ற வாசலில் தேநீர் விற்பவருக்கு ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னது. தேநீர்க்காரர் சொல்லி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இடையில் எவ்வளவு சர்க்கரை கூடியது என்று தெரியவில்லை.

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், புன்னைவளநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மகிழ்மாறன். காலையில் யானைக்குப் பட்டம் கொடுப்பார், மாலையில் அதைப் பறித்துக் குதிரைக்குக் கொடுப்பார். ஆனால் ஒரே ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தார். அறுவடைதோறும் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் அரண்மனைக் களஞ்சியத்தில் கொட்ட வேண்டும். யாருக்காவது அடிபட்டு வேலை செய்ய முடியாமல் போனால், குணமாகும்வரை அந்தக் களஞ்சியம் சோறு போடும். அதற்குக் காப்பு நெல் என்று பெயர்.

காப்பு நெல்லுக்குக் காவல் சடைநாதர். அவர் பொறுப்பேற்றதிலிருந்து களஞ்சியம் நிரம்பி வழிந்தது. அரசருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தீரா சடைநாதரே, நம் நாட்டில் யாருக்கும் அடிபடுவதே இல்லை."

"எல்லாம் தங்கள் ஆட்சி, அரசே."

உண்மையில் எல்லாம் சடைநாதர் கொண்டுவந்த வழக்கம். நெல் கேட்டு வருகிறவர் அடிபட்டது எப்படி என்று மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். மாடு முட்டியவர் மாட்டைக் கூட்டிவந்து இன்னொரு முட்டு வாங்க வேண்டும். கிணற்றில் விழுந்தவர் திரும்பக் குதிக்க வேண்டும். யாரும் இரண்டாவது முறை வந்ததில்லை. இப்படியே போனால் மந்திரி பூவராகனின் ஆசனம் தனக்குத்தான் என்று சடைநாதர் தினமும் அந்த ஆசனத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் கூரை வேயும் முத்திருளன் சபைக்கு வந்தான். அரண்மனைப் பலாமரத்தின் பெருங்கிளை மதில் தாண்டித் தெருவில் நீண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பழம் அவன் தோளில் விழுந்து எலும்பை முறித்துவிட்டது. மழைக்காலம் நெருங்கிவிட்டது. அவன் ஏணி ஏறினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கூட வந்த அவன் மனைவி செங்காயி காலிக் கோணியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

சடைநாதர் தொண்டையைச் செருமினார். "பலா பழுக்கும் மாதம் என்று தெரியுமா?"

"தெரியும் சாமி."

"தெரிந்தும் மரத்தடியில் நடந்தது உன் குற்றம். சரி, விழுந்ததும் ஏன் இங்கே வந்து சொல்லவில்லை?"

"மயங்கிக் கிடந்தேன் சாமி."

"தெளிந்த பிறகு?"

"வைத்தியர் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்."

"ஆக, எங்களைவிட வைத்தியர் உனக்கு முக்கியமாகிவிட்டார். அதுவும் போகட்டும். பழம் என்ன ஆயிற்று?"

"உடைந்துவிட்டது சாமி."

"அரண்மனைப் பழம் அரசே. அதற்கு இவன்தான் ஈடு கட்ட வேண்டும். பஞ்சு மாதிரி சுளை நிறைந்த பழம், அது விழுந்து எலும்பு முறியுமா?"

செங்காயி முணுமுணுக்கவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "ஐயா தலையணைக்குப் பதில் பலாப்பழம்தான் வைத்துப் படுக்கிறார் போல."

அரசர் சிரித்துவிட்டார். சடைநாதர் பல்லைக் கடித்தார். "வழக்கப்படி நடத்திக் காட்டட்டும்."

மந்திரி பூவராகன் எழுந்தார். "நியாயம்தான். ஆனால் இவருக்கு மிச்சம் ஒரு தோள்தான் இருக்கிறது. அதுவும் போனால் காட்டியதற்குச் சாட்சியாகக் கையைத் தூக்கக்கூட முடியாது. வேறு யாராவது நிற்கட்டும். வலிக்காது என்று உறுதியாக நம்புகிற ஒருவர்."

சபை முழுவதும் சடைநாதரைப் பார்த்தது. அரசர் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நட, நட. நான் இதைப் பார்க்க வேண்டும்."

மரத்தடியில் நின்று சடைநாதர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு நேர் மேலே ஆட்டுக்குட்டி அளவில் ஒரு பழம் தொங்கியது. அவர் மெல்ல அரையடி நகர்ந்து நின்றார். கிளையில் ஓர் அணில் ஓடியது. எலுமிச்சை அளவில் ஒரு பிஞ்சு 'டொக்' என்று அவர் தலையில் விழுந்தது.

"ஐயோ, மண்டை போச்சு" என்று சடைநாதர் மல்லாந்து படுத்துவிட்டார். "வைத்தியரைக் கூப்பிடுங்கள். எனக்குக் காப்பு நெல் வேண்டும்."

பூவராகன் அருகில் குந்தினார். "பலா காய்க்கும் மாதம் என்று தெரியுமா?"

"என்னய்யா கேள்வி இது?"

"எங்களை விட்டுவிட்டு வைத்தியரைக் கேட்கிறீர்கள். பிஞ்சு வேறு நசுங்கிவிட்டது. ஈடு யார் கட்டுவது?"

சடைநாதருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அடிபட்டுக் கிடக்கிறவனைக் குடைந்தால் எப்படி? மரம் யாருடையது? அரண்மனையுடையது. கிளையைத் தெருவில் விட்டது யார்? அவர்களைப் போய்க் கேளும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது.

"தீர்ப்பு வந்துவிட்டது அரசே" என்றார் பூவராகன். "நான் சொன்னதல்ல."

அரசரின் முகம் சுருங்கியது. "அப்படியானால் குற்றவாளி நானா?"

"குற்றம் யாருடையது என்று தேட வேண்டாம் அரசே. மரம் தங்களுடையது, தோள் முத்திருளனுடையது. நெல்லோ இதற்கென்றே ஊர் கொட்டி வைத்தது."

அரசர் மரத்தைப் பார்த்தார், படுத்திருந்த சடைநாதரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். முத்திருளன் ஏணி ஏறும் நாள்வரை அவன் வீட்டுக்கு நெல் போனது. செங்காயியின் கோணி போதாமல் அரண்மனை வண்டியே போயிற்று. நடத்திக் காட்டும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. சடைநாதருக்குப் புது உத்தியோகம் கிடைத்தது. பலாக்காலம் முழுவதும் அந்தக் கிளையடியில் மணியடித்து, நடப்பவர்களை ஒதுங்கச் சொல்ல வேண்டும்.

தோள் குணமானதும் முத்திருளன் வேய்ந்த முதல் கூரை, சடைநாதர் நிற்க அந்த மரத்தடியில் போட்ட கொட்டகைக்குத்தான். சடைநாதர் கூரையைத் தட்டிப் பார்த்தார்.

"முத்திருளா, பழம் விழுந்தால் இது தாங்குமா?"

"பஞ்சுதானே சாமி" என்று சொல்லிவிட்டு முத்திருளன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

பிறகு சரிபார்த்த ஒரு செய்தி: இன்றைய மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, சாலை விபத்தில் உயிர் போனாலோ கொடுங்காயம் பட்டாலோ, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம். பலாமரத்துக்கு அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று தேடியதில், இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.